பழவேற்காட்டுப் பக்கம் வாடகைக்கு விட வீடு வாங்குவதற்கு முன்

பழவேற்காட்டில் படகேறி பூநாரை பார்த்து, நண்டு வறுவலும் சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறவருக்கு, ஏரியோரம் ஒரு மனை வாங்கிப்போட்டால் என்ன என்று ஆசை வரும். மாத வாடகைதான் நோக்கம் என்றால் அந்த ஆசையைத் தள்ளிவையுங்கள். குடிவருகிறவர் யார் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

மாதச் சம்பளக்காரர்களுக்கு வேலை இருப்பது காட்டுப்பள்ளி, எண்ணூர் துறைமுகங்களிலும் அனல்மின் நிலையங்களிலும்தான். அவர்கள் ரயிலுக்குப் பக்கத்தில் வீடு தேடுவார்கள். பழவேற்காட்டுக்கு ரயில் கிடையாது. ஆகவே வாடகைக்கு விட வாங்குகிறவர் அத்திப்பட்டு, மீஞ்சூர், பொன்னேரியில்தான் தேட வேண்டும் என்பது என் கருத்து.

அப்படியும் ஏரியோரம்தான் வேண்டும் என்றால், சட்டத்தைப் பாருங்கள். கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் கடற்கரையில் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை செல்லும். அலை ஏறி இறங்கும் ஏரிக்கரைக்கும் தனி வரம்பு உண்டு. அதோடு ஏரியின் தமிழ்நாட்டுப் பகுதி 1980 முதல் பறவைகள் சரணாலயம். கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் உங்கள் சர்வே எண் எங்கே விழுகிறது என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். புரோக்கர் சொல்லும் 'அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்' வரைபடத்தில் ஏறாது.

அடுத்தது நிலத்தின் தன்மை. குப்பங்களில் பல இடம் நத்தம், சில இடம் புறம்போக்கு. வலை உலர்த்துவதும் படகு ஏற்றுவதும் கருவாடு காயப்போடுவதும் ஊர்ப் பொது இடத்தில்தான். வெறுமையாகத் தெரிவதால் அது காலி மனை ஆகிவிடாது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் போன்ற ஊர்களில் ஏரித் தண்ணீரிலேயே யார் எந்த நாளில் எங்கே வலை போடுவது என்று 'பாடு' முறையில் பங்கு வைத்திருக்கிறார்கள். கரைக்கு மட்டும் கணக்கு இருக்காதா? ஊர் நிர்வாகிகளிடம் நேரில் கேளுங்கள். அரசு கட்டிக்கொடுத்த வீடு என்றால் ஒப்படைப்பு ஆணையின் நிபந்தனைகளை வரி விடாமல் படியுங்கள்.

எங்கே வாங்கினாலும் பட்டா, சிட்டா, புல வரைபடம், தாய்ப்பத்திரம், குறைந்தது 30 வருட வில்லங்கச் சான்று ஆகிய எல்லாவற்றிலும் பெயரும் அளவும் ஒத்துப்போக வேண்டும். மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வீட்டைப் பார்க்க மே மாதம் ஒரு முறை, ஐப்பசி மழையில் ஒரு முறை போங்கள். குழாய்த் தண்ணீரை வாயில் ஊற்றிப் பாருங்கள். மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் உள்ளே வந்து பல வருடமாகிறது. சன்ஷேடின் அடிப்பக்கம் காரை உப்பிக் கம்பி துருவேறியிருந்தால், அந்தச் செலவு உங்கள் தலையில்தான். முழங்கால் உயரத்தில் சுவரில் பழுப்புக் கோடு ஓடினால் வெள்ளம் எதுவரை வந்தது என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் கேளுங்கள். வீட்டுக்காரர் சொல்ல மாட்டார்.

இனி கணக்கு. ஓர் உதாரணத்துக்கு வீடு 25 லட்சம், வாடகை 7,000 என்று வைப்போம். முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என 9 சதவீதம் சேர்த்தால் அடக்கவிலை 27.25 லட்சம். வருடத்தில் ஒரு மாதம் காலி என்றால் வரவு 77,000. வரி, பழுது, வெள்ளையடிப்புக்கு 12,000 கழித்தால் மிச்சம் 65,000, அதாவது 2.4 சதவீதம்கூட இல்லை. 8 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கி இதில் இறங்கினால் தவணையைச் சம்பளத்திலிருந்துதான் கட்ட வேண்டும். விலையைக் குறைத்துப் பேசுங்கள், அல்லது ஒரே மனையில் இரண்டு, மூன்று போர்ஷன் உள்ள வீடாகத் தேடுங்கள்.

குடிவைக்கும்போது வாய்ப்பேச்சு போதாது. பொன்னேரி நகராட்சி, மீஞ்சூர் பேரூராட்சி போன்ற இடங்களுக்கு 2017ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் பொருந்தும். அது 2019இல் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் 3 மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. 10 மாதம் கேட்பது இன்னும் பலருக்குப் பழக்கம். அதை நம்பி வீட்டுக்கு முன்பணம் திரட்டத் திட்டம் போடாதீர்கள்.