படகுக்காரருக்கு உடனே போன் போடாதீர்கள்

அந்தமானில் மீன் பிடித்துவிட்டுத் திரும்பினீர்களா? படகுக்காரருக்குப் போன் போடாதீர்கள். வாட்ஸ்அப் குழுவில் ‘அடுத்த தைக்கு யார் யார் ரெடி?’ என்று கேட்காதீர்கள். கோழித் தீவனத்துக்கான அடுத்த மக்காச்சோள லோடு வந்து இறங்கி, அதற்குப் பணம் கொடுத்து முடிக்கும் வரையாவது வாயைக் கட்டுங்கள். இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. கைக்காசு போட்டு வாங்கிய தகுதி.

வேட்டை என்றால் இன்றைக்கு நம் நாமக்கல் பக்கத்தில் தூண்டில்தான். 1972-இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் துப்பாக்கி வேட்டை முடிந்தது. கொல்லிமலையில் முயலுக்குக் கண்ணி வைத்தாலும் வழக்கு வரும். அது நியாயம்தான். தருமபுரியும் கிருஷ்ணகிரியும் சேலம் ஜில்லாவோடு இருந்த காலத்தில் அந்தக் காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளைத் தேடி அலைந்ததை கென்னத் ஆண்டர்சன் புத்தகம் புத்தகமாக எழுதியிருக்கிறார். அவருக்கு வெகுகாலம் முன்பே நம் கொல்லிமலை வல்வில் ஓரி, ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் வீழ்த்தியதாகப் புறநானூறு சொல்கிறது. ஆடிப் பதினெட்டுக்கு மலைமேல் அவருக்கு விழா எடுக்கும்போது யாரும் சாட்சி கேட்பதில்லை. நான் இரண்டு கையையும் விரித்து மீன் அளவு காட்டினால் மட்டும் சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள்.

நம் காவிரியிலேயே பெரிய மீன் இருந்தது. கூன் முதுகு மஹசீர். 1946-இல் மைசூர்க்காரர் வான் இங்கன் காவிரியின் துணையாறான கபினியில் 120 பவுண்டு மஹசீர் பிடித்தார். அந்த மீன் இப்போது அழிவின் விளிம்பில் இருக்கிறது. 2018-இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை மிகவும் ஆபத்தான நிலையில் உள்ள இனமாகப் பட்டியலில் சேர்த்தது. பீமேஸ்வரி, கலிபோர் முகாம்களில் பிடித்துத் திருப்பி விடும் ஆட்டமும் நின்றுபோய்ப் பல வருஷமாகிறது. அதனால்தான் கடல் தாண்ட வேண்டியிருக்கிறது. ‘மோகனூர் காவிரியில இல்லாத தண்ணியா?’ என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

அங்கே நாம் தேடுவது ராட்சதப் பாறை மீன். ஆட்கள் ஜிடி என்பார்கள். மரத்தில் கடைந்த பாப்பர் என்னும் போலி இரையைத் தூர வீசி, வெடுக் வெடுக்கென்று இழுக்க வேண்டும். தண்ணீர் ‘குளுப்’ என்று வாய் திறக்கும். நூறு முறை வீசினாலும் ஒன்றும் நடக்காது, தோள்பட்டை கழன்றுவிடும். அடுத்த முறை பாப்பருக்குப் பின்னால் தண்ணீர் திடீரென்று கறுக்கும். அதற்கப்புறம் நடப்பதை எழுத்தில் சொல்ல முடியாது. அதை அனுபவித்த ஆள் நாமக்கல்லுக்குத் திரும்பி, கொட்டகையில் முட்டை அட்டை எண்ணுகிறான் என்றால் அவன் நிலைமையைக் கொஞ்சம் யோசியுங்கள்.

முதல் இரண்டு மூன்று நாள் தரை ஆடும். படகில் நாள் கணக்கில் இருந்த உடம்புக்குக் கரை வந்தது தெரியாது. சாப்பிட உட்கார்ந்தால் தட்டு மெல்லச் சாய்கிற மாதிரி இருக்கும். பயப்படாதீர்கள், தானாகப் போய்விடும். போகாதது மற்றது. ராத்திரி பதினொரு மணிக்குப் போனில் மீன் வீடியோ. 2006-இல் ஜப்பானின் தொக்காரா தீவுப் பக்கம் பிடித்த 72.8 கிலோ உலக சாதனை மீனின் படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பது. சூப்பர்வைசர் ‘அண்ணா, மூணாவது ஷெட்டுல தண்ணி நிப்பிள் ஒழுகுதுங்க’ என்று வந்து நின்றால் அவர்மேல் எரிந்து விழுவது. என் வீட்டம்மா ஒருநாள் கேட்டேவிட்டாள்:

“ஏனுங்க, அவ்வளவு தூரம் போயி, மீனைப் புடிச்சு, போட்டோ எடுத்துட்டு மறுபடி தண்ணியிலயே உட்டுட்டு வர்றதுக்கு லட்ச ரூபாயா? கொழம்புக்கு ஒரு துண்டாச்சும் கொண்டாந்தீங்களா?”

பதில் சொல்லாதீர்கள். சொன்னால் கணக்கு கேட்பாள்.

இனி, ஏன் உடனே போன் போடக் கூடாது என்கிற பெரிய விஷயம். கோழிப் பண்ணை வைத்திருக்கும் நமக்கு ஒரு தனிச் சாபம் இருக்கிறது. அந்தமான் சீசனும் முட்டை விலையின் உச்சமும் ஒரே நேரத்தில் வருகின்றன. வடக்கே குளிர் அடிக்கும் மார்கழி, தை மாதங்களில் முட்டை நன்றாகப் போகும். தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவான என்இசிசியின் விலையும் ஏறி நிற்கும். கையில் காசு புரளும். அப்போதுதான் நாம் கடலுக்குப் போகிறோம். திரும்பி வரும்போதும் விலை இறங்கியிருக்காது. ஒரே வாரத்தில் மனசு காலி, பை நிறைவு. இதைவிட ஆபத்தான ஜோடி உலகத்தில் கிடையாது. மாசி, பங்குனியில் விலை சரியும். சித்திரை வெயிலில் கோழி தீவனம் எடுக்காது, முட்டையும் குறையும். தை மாத விலையை வைத்துக்கொண்டு சித்திரைக்கும் சேர்த்துச் செலவு முடிவு செய்கிறோம். என் விஷயத்தில் நடந்ததும் அதுதான்.

ஆனால் ஆரம்பித்து வைத்தது மச்சான். அவர் திருச்செங்கோட்டுக்காரர், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வைத்திருக்கிறார். விமான நிலையத்திலிருந்து வெளியே வரும்போதே தோளில் கை போட்டார். “மாப்ள, அடுத்த தைக்கு நாம இல்லாம அந்தப் படகு கெளம்பக் கூடாது. நீ பேசி முடி, காசு நான் அனுப்பறேன்” என்றார். கண்ணில் தண்ணீர் நிற்காத குறை. நானும் அதே நிலையில் இருந்தேன். ஊர் வந்த நாலாம் நாள் படகுக்காரரிடம் பேசி, எங்கள் நாலு பேருக்கும் சேர்த்து 1,20,000 ரூபாய் முன்பணம் அனுப்பினேன். ஆளுக்கு 30,000. சோயாவுக்கு வைத்திருந்த பணம் அது. மற்ற இரண்டு பேர் ஒரு மாதத்துக்குள் தங்கள் பங்கைக் கொடுத்துவிட்டார்கள். மச்சான் ‘அனுப்பறேன் அனுப்பறேன்’ என்றார்.

ரிக்காரர்களுக்குக் காசு வருவது கோடையில். கிணறு வற்றினால்தான் வண்டி ஓடும். அந்த வருஷம் மழை முன்கூட்டியே நன்றாகப் பிடித்தது. காவிரியில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர் போக, ஊரே சந்தோஷப்பட்டது. மச்சானுடைய வண்டி மட்டும் ஏதோ ஒரு வடமாநில ரோட்டோரத்தில் நின்றது. ஆடியில் போன் வந்தது. “வண்டி நிக்குது மாப்ள, இந்த வருஷம் என்னை உட்டுரு.” விட்டுவிடலாம். படகு விடுமா? படகுக்கு ஆள் கணக்கு கிடையாது, மொத்த வாடகை. மூன்று பேர் போனாலும் நாலு பேர் போனாலும் ஒரே பணம். முன்பணம் திரும்ப வராது, தேதி வேண்டுமானால் மாற்றலாம் என்று படகுக்காரர் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. நாலாவது ஆளைத் தேடினேன். ‘ஐப்பசிக்குச் சொல்றேன்’ என்று எல்லோரும் நழுவினார்கள். கடைசியில் மச்சானுடைய 30,000 என் கணக்கில் போனது. அவர் பங்கின் மீதிப் பணத்தை நாங்கள் மூவரும் பிரித்துக் கட்டினோம். அதற்குள் சோயா வியாபாரிக்கு நான் வட்டி கட்டிக்கொண்டிருந்தேன்.

இதை என் தப்பு என்று சம்சாரம் சொல்கிறாள். அவள் அண்ணனாயிற்றே. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். பேசி முடி என்று சொன்னது யார்?

சரி, சேமிப்புக்கு வருவோம். என் வழி முட்டைக்கு ஒரு பைசா. 30,000 கோழி இருக்கிற பண்ணையில் தினம் சுமார் 25,000 முட்டை வரும். உங்களுக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கும். ஒரு பைசா வீதம் எடுத்தால் நாளுக்கு 250 ரூபாய், மாதம் 7,500, வருஷம் 90,000. மைனஸ் என்ற பெயரில் வியாபாரி பத்துப் பைசா, இருபது பைசா குறைத்து எடுக்கும்போது வாயைத் திறக்காத நாம், ஒரு பைசாவுக்கு யோசிக்கக் கூடாது. ஜனம் முட்டை தொடாத புரட்டாசியிலும், ஐயப்ப சீசனிலும் நிறுத்தக் கூடாது. அந்த மாதங்களில் நிறுத்துகிறவன் அடுத்த மாதமும் நிறுத்துவான்.

இந்தப் பணத்தை வங்கியில் போடாதீர்கள், தபால் நிலைய ஆர்டியில் போடுங்கள். ஐந்து வருஷத் திட்டம். மூன்று வருஷம் முடிவதற்கு முன் முடிக்க முடியாது. அதற்குப் பிறகு, ஐந்து வருஷம் ஆகும் முன் முடித்தால் சேமிப்புக் கணக்கு வட்டிதான் வரும், பரவாயில்லை. நமக்கு வட்டியைவிடப் பூட்டு முக்கியம். பன்னிரண்டு தவணை கட்டிய பிறகு பாதி வரைக்கும் கடன் எடுக்கலாம் என்று ஒரு வசதி இருக்கிறது. தயவுசெய்து அதைப் பற்றிப் போஸ்ட் மாஸ்டரிடம் விசாரிக்காதீர்கள். மூன்று வருஷத்தில் பயணத்துக்குப் போக மிச்சம் இருக்கும். அதில் வீட்டம்மாவுக்கு நகை எடுங்கள். அடுத்த முறை மீன் குழம்புக் கேள்வி வராது.

காலிச் சாக்கு விற்ற காசு, எரு லோடு காசு இவையெல்லாம் தனி. அது தூண்டில் சாமானுக்கு. அதற்குக் கணக்கு எழுத வேண்டாம்.

ரீலை நல்ல தண்ணீரில் மெதுவாகக் கழுவுவது, துருப்பிடித்த கொக்கியைக் கழற்றிப் போடுவது, நூலின் முதல் இருபது அடியை வெட்டி எறிவது எல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. பிரஷர் வாஷரில் மட்டும் கழுவாதீர்கள்.

மனசு சரியாக ஒரே வழி கைக்கு வேலை கொடுப்பதுதான். வெளிநாட்டுப் பாப்பர் விலை அதிகம். பாறையில் மாட்டி நூல் அறுந்தால் ஒரு விநாடியில் போய்விடும். நாமக்கல்லில் இருந்துகொண்டு அதை ஏன் வாங்க வேண்டும்? லாரி பாடி கட்டும் பட்டறைகள் இல்லாத ரோடு உண்டா இங்கே? மிச்ச மரக்கட்டைக்கு அங்கே பஞ்சமே இல்லை. பழக்கமான ஆசாரி ஒருவரிடம் ஒரு சாண் நீளத்துக்குக் கடைந்து தரச் சொன்னேன். வாய்ப் பக்கம் கிண்ணம் போலக் குழிக்க வேண்டும், அந்தக் குழிதான் தண்ணீரை அள்ளி எறியும். தலையிலிருந்து வால் வரை நடுவில் துளை போட்டு, துருப்பிடிக்காத கம்பியை ஊடே விட்டு இரண்டு பக்கமும் வளையம் முறுக்க வேண்டும். மரம் உடைந்தாலும் மீன் கம்பியில் நிற்கும். இதில் அலட்சியம் கூடாது. வயிற்றுப் பக்கம் கொஞ்சம் ஈயம் வைத்தால்தான் தண்ணீரில் புரளாமல் நிமிர்ந்து வரும். எவ்வளவு என்பதைப் பண்ணைத் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

பெயிண்ட் அடிக்க அதே பட்டறையில் இருக்கும் பெயிண்டர் அண்ணனிடம் கொடுத்தேன். மீன் மாதிரி இருந்தால் போதும் என்று சொல்லியிருந்தேன். வாங்கப் போனபோது பாப்பருக்கு லாரி முகப்பில் இருக்கும் திருஷ்டிப் பூதத்தின் கண் இரண்டு, கீழே சிவப்பு நாக்கு, முதுகில் பச்சை மஞ்சள் பூ வேலை. “அண்ணா, இது எந்த மீனுங்க?” என்றேன். “எந்த மீனா இருந்தா என்னங்க, பயந்து கடிக்கும்ல?” என்றார். படகில் முதலில் எல்லோரும் சிரித்தார்கள். ஒரு ஜிடி அதைத்தான் வந்து அடித்தது. படம் இருக்கிறது. நம்பாதவர்கள் நேரில் வந்து பார்க்கலாம்.

வீசிப் பழகுவதற்கு மக்காச்சோளம் அறுத்த காடு போதும். கொக்கியைக் கழற்றிவிட்டு, தூரத்தில் பிளாஸ்டிக் பக்கெட் வைத்து வீசுங்கள். பக்கத்துக் காட்டுக்காரர் என்ன நினைக்கிறார் என்று பார்க்காதீர்கள். பங்குனி, சித்திரையில் காவிரித் தண்ணீர் இறங்கி மடுக்கள் மட்டும் நிற்கும்போது, ஜேடர்பாளையம் பக்கம் போய் மூங்கில் குச்சியும் நாக்குப்பூச்சியும் வைத்து உட்காருங்கள். மேட்டூரில் ஜூன் 12-ஐ ஒட்டித் தண்ணீர் திறந்துவிட்டால் அப்புறம் அந்த இடமே இருக்காது. ஜிலேபிக் கெண்டை மாட்டும், உள்ளங்கை அளவுதான். இதை வீட்டுக்குக் கொண்டு போகலாம். ராட்சதப் பாறை பிடித்த கைக்கு இது அவமானம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அவர்கள்தான் ராத்திரி படகுக்காரருக்குப் போன் போடுகிறவர்கள்.

இப்போது அடுத்த பயணத்துக்கு ஆள் சேர்க்கிறேன். விதி ஒன்றுதான். பணம் கொடுத்தவர் பெயர்தான் பட்டியலில் ஏறும், ‘அனுப்பறேன்’ என்பவர் பெயர் ஏறாது. போன வாரம் மச்சான் வீட்டுக்கு வந்திருந்தார். கறிச் சோறு சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே, “மாப்ள, இந்தத் தடவை வண்டி நல்லா ஓடுது, என்னையும் சேத்துக்கோ” என்றார். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. “சேத்துக்கலாம் மச்சான், மொத்தம் அறுபதாயிரம். பழைய முப்பது, புது முப்பது” என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்று போயிருக்கிறார். அந்த நாலாவது இடத்துக்கு வேறு யாராவது இருந்தால் ஐப்பசிக்குள் சொல்லுங்கள்.