உறுப்புகளால் அமைந்த பணிசெயல் முறைமை

பகுபத உறுப்புகள் ஆறு என மாணவர்க்குக் கற்பிக்கின்றோம். எனினும் எல்லாச் சொல்லும் ஆறனையும் பெற்று வருவதில்லை. 'நடந்தனன்' ஆறும் பெற்றது. 'செய்தான்' பகுதி, இடைநிலை, விகுதி என மூன்றோடு அமையும். கணினியின் பணிசெயல் முறைமையையும் இவ்வாறு வேண்டும் உறுப்புகளை மட்டும் கூட்டி ஆக்கலாமோ எனின், ஆக்கலாம். மிகச் சிறு கருவிகளுக்கு அதுவே தக்க வழி என்பது எம் கருத்து.

கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிலி வளாகத்து அறிஞர் 2000ஆம் ஆண்டில் விளக்கியுரைத்த ரைனி ஓ.எஸ். இவ்வகையது. அவர்கள் கையாண்ட உணரிக் கருவியில் நினைவகம் 512 பைற்றே. செய்நிரலுக்குரிய இடம் 8 கிலோபைற்று. மேசைக் கணினியின் முறைமையை எவ்வளவு சுருக்கினும் அதனுள் அடங்காது. ஆதலின் கடிகாரம், வெப்பவுணரி, வானொலி ஆகியவற்றைத் தனித்தனி உறுப்புகளாக்கினர். ஒவ்வோர் உறுப்பும் தான் அளிக்கும் பணியையும் பிறவற்றிடம் வேண்டும் பணியையும் தன் இடைமுகத்தில் அறிவிக்கும். அவற்றைப் பிணைப்பவன் செய்நிரலாளன். பிணைக்கப்படாத உறுப்பு கருவிக்குள் ஏறுவதேயில்லை.

இனி, உறுப்புகள் தம்முள் உரையாடும் முறையை நோக்குவோம். மேலுள்ளது கீழுள்ளதற்கு ஏவலிடும். கீழுள்ளது, 'ஏற்றேன்' என்று உடனே விடைதந்து, வெப்பத்தை அளந்து முடித்த பின்னரே நிகழ்வொன்றினால் மேலே அறிவிக்கும். இடையில் எவ்வுறுப்பும் காத்து நிற்பதில்லை. அதனால் பணிதோறும் தனி நினைவிடம் ஒதுக்கவேண்டுவதில்லை. வேலையற்ற பொழுதெல்லாம் கருவி உறங்கலாம்.

உறக்கத்தின் அருமை 2002ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மெயின் மாநிலத்துக் கிறேற் டக் தீவிலே புலனாயிற்று. நிலவளைகளில் முட்டையிடும் லீச்சின் புயற்பறவைகளை ஆராய 32 கருவிகளை வைத்தனர். மனிதர் அடிக்கடி நெருங்கின் அப்பறவை வளையைக் கைவிடக்கூடும். மின்கலம் தீருந்தோறும் மாற்றச் செல்வது எங்ஙனம்? ஆகவே, இரு சிறு மின்கலங்களைக் கொண்டு கருவி பல மாதம் உயிர்வாழ வேண்டியிருந்தது.

குறையையும் மறைத்தல் தகாது. 'அளந்து அனுப்புக' என ஒரு தொடரில் முடியவேண்டியது இங்கே துண்டு துண்டாகச் சிதறும், கற்பவர் இடர்ப்படுவர். அன்றியும், ஒரு பணி நடக்கையில் வன்பொருளின் குறுக்கீடு புகுந்து அதே மாறியைத் திருத்திவிடலாம். 2003ஆம் ஆண்டில் விவரித்து வெளியிடப்பெற்ற நெஸ்-சீ மொழியின் தொகுப்பி, பிணைப்பு முழுவதையும் முன்னரே காண்பதால், இத்தகைய மோதலைக் கண்டு எச்சரிக்கும். சிலபோது மோதலில்லாத இடத்தும் எச்சரிப்பதுண்டு. அங்கே, 'இதில் மோதலில்லை' எனச் செய்நிரலாளனே குறித்துவிடலாம். அக்குறிப்பைத் தொகுப்பி ஆராயாது நம்பிவிடும்.