பதின்மூன்று வார உத்தியோகம்

ரெக்ரூட்டர் போனில் முதலில் சொல்வது வாரச் சம்பளத்தைத்தான். அதைக் கேட்ட மாத்திரத்தில் மனசுக்குள் ரூபாயால் பெருக்கிப் பார்க்காத நம்மூர்க்காரர் யாரையும் நான் கண்டதில்லை. பெருக்கலைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். அந்தத் தொகையில் மணிக்கூலி எவ்வளவு, படி எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். அமெரிக்காவில் டிராவல் தெரபிஸ்டாக இருப்பவர்கள் படும் அவஸ்தையில் பாதி அந்தப் பிரிப்பைக் கேட்காததால் வருவது.

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். பக்கவாதம் வந்தவரும் இடுப்பு எலும்பு முறிந்தவரும் மறுபடி தாமே குளிக்க, உடுத்த, கழிப்பறை போய்வர, அடுப்படியில் நிற்கப் பழக்குவது என் வேலை. நர்சிங் ஹோமிலோ பள்ளியிலோ ஒருவர் பிரசவ விடுப்பில் போனால், அல்லது ஊர் ஒதுக்குப்புறம் என்பதால் நிரந்தர ஆள் கிடைக்காவிட்டால், ஏஜென்சி வழியாக எங்களைப் போன்றவர்களைக் கூப்பிடுவார்கள். வழக்கமான ஒப்பந்தம் 13 வாரம். பிடித்திருந்தால் நீட்டிப்பார்கள். இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். மினசோட்டா, மெய்ன், கொலராடோ, அரிசோனா என்று சுற்றியதில் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் காசு. வீட்டு வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் தரும் படிக்கு வரி இல்லை என்று ஏஜென்சிக்காரர்கள் இனிக்க இனிக்கச் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் உங்களுக்கென்று ஒரு டாக்ஸ் ஹோம் இருந்தால் மட்டும். அதாவது சொந்த ஊரில் வாடகையோ வீட்டுக்கடனோ கட்டிக்கொண்டே, வேலை பார்க்கும் ஊரிலும் தங்கச் செலவு செய்ய வேண்டும். வீட்டைக் காலி செய்து சாமான்களைக் கிடங்கில் போட்டுவிட்டுக் காரோடு கிளம்பிவிட்டால், வரித்துறையின் கணக்கில் நீங்கள் நாடோடி. படி முழுவதற்கும் வரி கட்ட வேண்டிவரும். 50 மைல் தள்ளிப் போனால் போதும் என்று ஒரு பேச்சு எல்லா ரெக்ரூட்டர்கள் வாயிலும் இருக்கிறது. சட்டத்தில் அப்படியொரு விதி கிடையாது. ஒரே ஊரில் ஓராண்டுக்கு மேல் வேலை நீளும் என்று தெரிந்துவிட்டால் அன்றிலிருந்து அது தற்காலிக வேலையும் இல்லை.

வரி குறைகிறதே என்று மணிக்கூலியை அடிமட்டத்துக்கு இறக்கவும் சம்மதிக்காதீர்கள். ஓவர்டைம் கணக்கு பெரும்பாலும் அந்த மணிக்கூலியை வைத்துத்தான். வீட்டுக்கடன் தரும் வங்கியும் வரி கட்டிய வருமானத்தைத்தான் நம்பும். முதுமையில் வரும் சோஷியல் செக்யூரிட்டித் தொகையை 35 ஆண்டு வருமானத்தை வைத்துக் கணக்கிடுகிறார்கள். படி அந்தக் கணக்கில் சேராது.

அடுத்தது ஒப்பந்தத் தாள். அதில் நான் தேடுவது உத்தரவாத மணி நேரம். நர்சிங் ஹோமில் நோயாளிகள் எண்ணிக்கை குறைந்தால் முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுவது வெளியாள்தான். ஓர் இடத்தில் வாரக்கணக்கில் மதியம் 12 மணிக்கே கிளம்பச் சொன்னார்கள். 40 மணி நேரம் என்று வாயால் சொன்னவர்கள் தாளில் எழுதியிருக்கவில்லை. வாடகை மட்டும் முழுசாகப் போனது. ரத்து செய்ய எத்தனை நாள் முன்னறிவிப்பு, பண்டிகை விடுமுறைக்குச் சம்பளம் உண்டா, இடையில் நீங்களே விலகினால் அபராதம் உண்டா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

நேர்காணல் பதினைந்து நிமிடத் தொலைபேசிப் பேச்சுதான். அவர்கள் கேட்பதைவிட நீங்கள் அதிகம் கேட்க வேண்டும். இந்த இடம் ஏன் காலியானது? வேறு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் இருக்கிறாரா? உதவித் தெரபிஸ்டுகளை நான் மேற்பார்வையிட வேண்டுமா? இந்த விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஒரே கட்டடமா, மூன்று ஊர்களுக்குக் காரோட்ட வேண்டுமா? கடைசியாக, புரொடக்டிவிட்டி எவ்வளவு? 90 சதவீதம் என்றால் என்ன பொருள் என்று பாருங்கள். எட்டு மணி நேரம் 480 நிமிடம். அதில் 432 நிமிடம் நோயாளியோடு இருக்க வேண்டும். மிச்சமுள்ள 48 நிமிடத்தில் குறிப்பெழுதி, நர்ஸிடம் பேசி, குளியலறைக்குள் இருக்கும் நோயாளிக்காகக் காத்திருந்து, நீங்களும் கழிப்பறை போய்வர வேண்டும். நேர்மையாகச் செய்தால் முடியாது. முடிகிறது என்பவர்கள் எங்கோ நிமிடங்களைச் சேர்த்து எழுதுகிறார்கள், அல்லது வேலை நேரம் முடிந்ததாகப் பதிந்துவிட்டு வீட்டுக்குப் போய் எழுதுகிறார்கள். அந்தக் குறிப்பின் கீழ் இருப்பது உங்கள் கையெழுத்து, ஆபத்தில் இருப்பது உங்கள் லைசென்ஸ்.

இந்த நெருக்கடிக்கு ஒரு வரலாறு உண்டு. 2019 அக்டோபர் 1-க்கு முன்பு, முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் நர்சிங் ஹோம்களுக்குத் தெரபி நிமிடங்களைப் பொறுத்துப் பணம் கொடுத்தது. வாரம் 720 நிமிடம் எட்டினால் உச்சக் கட்டணம். அதனால் நோயாளிக்குத் தேவையோ இல்லையோ நிமிடத்தை நிரப்பினார்கள். அன்றிலிருந்து கட்டண முறை மாறியது. நோயாளியின் நிலையைப் பொறுத்துப் பணம். உடனே தெரபி பலருக்குத் தேவையற்ற செலவாகத் தெரிய ஆரம்பித்தது, ஆட்குறைப்பும் நடந்தது. முன்பு அதிகம் கொடு என்றார்கள், இப்போது குறைத்துக் கொடு என்கிறார்கள். எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று நோயாளியைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் தெரபிஸ்ட் என்பதை இரண்டு முறையுமே மறந்துவிட்டன.

நர்சிங் ஹோமில் தங்கிச் சிகிச்சை பெற மெடிகேர் ஒரு சிகிச்சைக் காலத்தில் அதிகபட்சம் 100 நாள் தருகிறது. முழுச் செலவையும் ஏற்பது முதல் 20 நாளுக்கு மட்டும். 21-ஆம் நாளிலிருந்து தினமும் நோயாளியின் பங்கு ஒன்று உண்டு. துணைக் காப்பீடு இல்லாதவர்கள் 20-ஆம் நாள் வாக்கில் மூட்டை கட்டிவிடுவார்கள். ஆகவே 13 வாரம் உங்களுக்குத்தான். ஒரு நோயாளிக்கு உங்களிடம் இருப்பது மூன்று வாரம்கூட இல்லை. அந்த மூன்று வாரத்தில் அவருடைய வீட்டைத் தெரிந்துகொள்ளாவிட்டால் நீங்கள் சொல்லிக்கொடுத்த எதுவும் அந்த வீட்டு வாசலைத் தாண்டாது. ஊர்விட்டு ஊர் போகும் தெரபிஸ்டின் உண்மையான கஷ்டம் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். காரணம், அந்த வீடு எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாது.

மெய்ன் மாநிலத்தில் இடுப்பு மூட்டு மாற்றிய ஒரு பாட்டி. 90 டிகிரிக்கு மேல் குனியக் கூடாது. சாக்ஸ் போட, காலணி மாட்ட, நாற்காலியில் உட்கார எல்லாம் தேறிவிட்டார். வீட்டில் குளிர்காய விறகு அடுப்பு என்று பேச்சுவாக்கில்தான் சொன்னார். அடுப்பின் வாய் முழங்கால் உயரத்துக்கும் கீழே. குளிர்காலம் முழுக்க ஒரு நாளைக்குப் பலமுறை குனிந்து விறகு போட வேண்டும்! அதற்கப்புறம் எங்கள் பயிற்சி மாறியது. விறகை மேசை உயரத்தில் அடுக்கிவைக்க மகனிடம் சொன்னோம். சின்னத் துண்டுகளாக வெட்டச் சொன்னோம். ஒரு கையால் பிடிமானம் வைத்து, அறுவை செய்த காலைப் பின்னால் நீட்டி, நீண்ட இடுக்கியால் வைக்கப் பழக்கினேன். அந்தப் பாட்டிக்கு விறகு அடுப்பைப் பற்றி நான் கற்றுக்கொடுக்க ஒன்றுமில்லை, அவர்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்.

மினசோட்டாவில் உடுத்தும் பயிற்சி என்றால் சட்டை, பேண்ட் மட்டும் போதாது. உள்ளாடை, தெர்மல், கம்பளி, அதன் மேல் கோட்டு, பனிக் காலணி. ஒரு கை விழுந்தவருக்கு அந்தக் கோட்டின் ஜிப்பே பெரிய மலை. கொலராடோவில் 10,000 அடிக்கு மேலே இருக்கும் மலை ஊர்களில் ஆக்ஸிஜன் வைத்துக்கொண்டு வாழ்பவர்கள் அதிகம்; அந்தக் குழாய் வாக்கரின் காலில் சிக்கி விழுவதைத் தடுப்பதே முதல் பாடம். அரிசோனாவில் நவஹோ மக்களின் நிலத்தில் குழாய்த் தண்ணீர் இல்லாத வீடுகள் இன்றும் நிறைய. அங்கே போகும் ஒருவருக்குக் குளியல் தொட்டிக்கான பெஞ்சை எழுதிக்கொடுத்தால் அது யாருக்குப் பயன்?

அதனால் முதல் நாளே நான் கேட்பது, "காரை விட்டு இறங்கியதிலிருந்து சொல்லுங்க, உங்க வீட்டுக்குள்ள எப்படிப் போவீங்க?" வீட்டில் இருப்பவர்களிடம் கழிப்பறை, படுக்கை, படிக்கட்டு மூன்றையும் போனில் படம் எடுத்து அனுப்பச் சொல்வேன். நோயாளியைப் பற்றிக் கேட்க வேண்டுமென்றால் டாக்டரைவிட நர்சிங் அசிஸ்டண்டிடம் போங்கள். யார் எத்தனை மணிக்குத் தெளிவாக இருப்பார், யார் காபி குடிக்காமல் கண் திறக்கமாட்டார் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். மூன்றாம் நாளுக்குள் அவர்கள் பெயர்களை மனப்பாடம் செய்துவிடுங்கள்.

இன்னொரு வேலையும் முதல் வாரத்திலேயே முடிய வேண்டும். குளியல் நாற்காலிக்கும் சுவர்க் கைப்பிடிக்கும் மெடிகேர் காசு தராது. சிறு ஊர்களில் சர்ச்சோ லயன்ஸ் கிளப்போ முதியோர் மையமோ பழைய வாக்கர், நாற்காலிகளைச் சேர்த்துவைத்து இரவல் கொடுப்பது உண்டு. சோஷியல் வொர்க்கரைக் கேட்டு அந்த இடத்தின் தொலைபேசி எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும்போது அடுத்து வரப்போகும் ஆளுக்கும் எழுதிவைத்துவிட்டுப் போங்கள்.

தங்குமிடம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நேரிலோ வீடியோவிலோ பார்க்காமல் முன்பணம் அனுப்பாதீர்கள், மோசடி ஏராளம். குக்கரை எடுத்துக்கொண்டு போங்கள். தாளிக்கும் முன் ஸ்மோக் அலாரம் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். தனிமை? இருக்கும். குளிர்காலத்தில் வட மாநிலங்களுக்குப் போனால் கூடுதலாக இருக்கும்.

லைசென்ஸ் மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனி. சில இடங்களில் மாதக்கணக்கில் இழுக்கும். வேலை கிடைத்தபின் விண்ணப்பித்தால் வேலை போய்விடும். ஒரு மாநில லைசென்ஸை வைத்து மற்ற உறுப்பு மாநிலங்களிலும் வேலை பார்க்க வழிசெய்யும் ஆக்குபேஷனல் தெரபி காம்பாக்ட் என்ற கூட்டு ஏற்பாட்டுக்கு 30-க்கு மேற்பட்ட மாநிலங்கள் சட்டம் இயற்றியிருக்கின்றன. சட்டம் வந்ததும் அனுமதி கிடைத்துவிடாது. உங்கள் மாநிலம் அதை வழங்கத் தொடங்கிவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

படித்து முடித்த கையோடு இந்த வேலைக்கு வராதீர்கள். சந்தேகம் கேட்க ஒருவர் பக்கத்தில் இருக்கும் இடத்தில் ஓராண்டாவது உட்காருங்கள். தமிழ்நாட்டில் இளநிலைப் பட்டம் முடித்து இங்கே வர நினைப்பவர்களுக்கு முதுகலைப் பட்டம் வேண்டும், அதன்பின் தேசியச் சான்றிதழ்த் தேர்வு. எச்-1பி விசாவில் வந்தால் அது வேலை செய்யும் இடத்தோடு கட்டப்பட்டது. வேறு வட்டாரத்துக்கு மாறினால் மனுவையே திருத்திப் போட வேண்டும். 13 வாரத்துக்கு ஒருமுறை அதைச் செய்யும் ஏஜென்சி எதுவும் என் கண்ணில் படவில்லை. பிசியோதெரபிஸ்டுகளுக்கும் நர்ஸ்களுக்கும் கிரீன் கார்டு வழியில் கிடைக்கும் ஷெட்யூல் ஏ சலுகை நமக்கு இல்லை. எச்-1பி வைத்திருப்பவரின் கணவன் அல்லது மனைவியாக எச்-4 விசாவில் இருந்து 2015 விதிப்படி வேலை அனுமதி பெற்றவர்களுக்கு இந்த இடக் கட்டுப்பாடு கிடையாது, அவர்கள் தாராளமாக முயலலாம். மற்றவர்கள் கிரீன் கார்டு கைக்கு வரும்வரை ஒரே ஊரில் இருந்து நர்சிங் ஹோம், வீட்டுச் சிகிச்சை, பள்ளி என எது கிடைத்தாலும் கற்றுக்கொண்டிருங்கள். சலுகை காட்டி அவசரப்படுத்தும் ரெக்ரூட்டரிடம், கையெழுத்துப் போடும் முன் ஒரு குடியேற்ற வழக்கறிஞரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லுங்கள்.