இயந்திர அச்சின் இடத்துல்லியம்

மில்லிங் இயந்திரத்தின் மேசை செல்லும் வழியை அச்சு என்பர். 300 மில்லிமீட்டர் செல்க என ஏவின் மேசை அவ்வளவே செல்லல் வேண்டும்; இன்றேல் துளையும் ஆணியும் பொருந்தா. சென்றதா என்பதை அவ்வியந்திரத்தின் அளவுகோலையே வினவித் தெளிதல் ஆகாது. தன் வழக்கிற்குத் தானே சான்றாதல் முறையன்று.

ஆதலின் ஹீலியம்-நியான் லேசரின் செவ்வொளியைப் புறச்சான்றாகக் கொள்கிறோம். அவ்வொளி இரு கூறாய்ப் பிரிந்து மீண்டும் கூடுகிறது. மேசைமேல் வைத்த ஆடி அலைநீளத்திற் பாதி, அஃதாவது ஏறத்தாழ 0.316 மைக்ரான், நகருந்தோறும் ஒளியும் இருளும் ஒருமுறை மாறிவரும். அம்மாற்றங்களை எண்ணின் தொலைவு விளங்கும்.

அச்சு நெடுகப் பல இடங்களைக் குறித்து, ஒவ்வொன்றையும் இரு திசையினின்றும் ஐந்து முறை அணுகுதல் ஐ.எஸ்.ஓ. 230-2 வகுத்த நெறி. ஒரு திசையில் மட்டும் அணுகின் திருகுதண்டின் தளர்ச்சி புலப்படாது. வெம்மையும் நோக்கற்பாலது: ஒரு மீட்டர் எஃகு, ஒரு பாகை செல்சியசு ஏறின் ஏறத்தாழ 0.012 மில்லிமீட்டர் நீளும். ஆகவே 20 பாகையையே அளவைக்குரிய பொதுநிலையாகக் கொள்வர்.

எம்முறையும் ஒரே அளவாய் நிகழும் பிழையைக் கணித்துக் கட்டுப்பாட்டுக் கருவியிற் பதித்துத் திருத்தலாம். முறைதோறும் வேறுபடும் பிழைக்கோ அத்திருத்தம் உதவாது. அதன் காரணத்தையே தேடிக் களைதல் வேண்டும். இவ்விரண்டையும் பிரித்துணர்தலே சோதனையின் பயனாம்.