சிறப்பு முகாம்: செலவு வைப்பது யார்?

நம்பிக்கை: "வெளியூர்க்காரர்களையெல்லாம் அடைத்துவைத்து அரசு சோறு போடுகிறது, நம் வரிப்பணம் கரைகிறது."

உண்மை: வடக்குப்பட்டு, ஒரகடம் பக்கம் வாடகை அறைகளில் தங்கி ஷிஃப்ட் பார்க்கும் ஒடிசா, பீகார், அசாம் தொழிலாளர்களைச் சுட்டியும் இந்தப் பேச்சு எழுகிறது. அவர்கள் இந்தியக் குடிமக்கள். நாட்டில் எங்கும் தங்கி உழைக்க அரசமைப்பின் 19ஆம் பிரிவு உரிமை தருகிறது. இதே பேச்சில் இழுக்கப்படும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களும் சிறை அல்ல. அங்கே குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, சிறுவர்களுக்கு 500 என 2021இல் உதவித்தொகை உயர்த்தப்பட்டது. நிவாரணச் செலவை மாநிலம் முதலில் செய்ய, ஒன்றிய அரசு பின்னர் ஈடுகட்டுவதே நடைமுறை. இது தஞ்சம் புகுந்தவர்களுக்கான உதவி. சிறப்பு முகாமில் அடைத்துவைக்கும் செலவு வேறு.

நம்பிக்கை: "சிறப்பு முகாமில் இருப்பவர்கள் தண்டனைக் கைதிகள்."

உண்மை: திருச்சி மத்திய சிறை வளாகத்துச் சிறப்பு முகாமில் தண்டனை முடிந்த, ஜாமீன் கிடைத்த வெளிநாட்டினர் வைக்கப்பட்டிருக்கிறார்கள். அவர்களை அங்கே நிறுத்தியது நீதிமன்றத் தீர்ப்பு அல்ல, வெளிநாட்டினர் தொடர்பான சட்டத்தின்கீழ் அரசு பிறப்பித்த நிர்வாக உத்தரவு. 1991இல் ஸ்ரீபெரும்புதூரில் நடந்த ராஜீவ் காந்தி கொலை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2022 நவம்பர் 11 அன்று விடுவித்த சாந்தன், அதன்பிறகு திருச்சி முகாமுக்கே அனுப்பப்பட்டார். தாயகமான இலங்கைக்குத் திரும்பத் தேவையான பயண ஆவணம் 2024 பிப்ரவரியில்தான் வந்தது. அதே மாதம் 28ஆம் தேதி சென்னை அரசு மருத்துவமனையில் அவர் இறந்தார். விடுதலைக்குப் பிந்தைய அந்தப் பதினைந்து மாதக் காவலுக்கு எந்தக் குற்றமும் காரணமில்லை. காகிதம் நகராததே காரணம்.

நம்பிக்கை: "வெளியே விட்டால் தலைமறைவாவார்கள், அடைப்பதைத் தவிர வழியில்லை."

உண்மை: இந்த அச்சம் நியாயமானதுதான். அதற்கு விடையும் இருக்கிறது. அசாமில் வெளிநாட்டினர் என்று நெடுங்காலம் அடைபட்டிருந்தவர்களைப் பிணைப்பத்திரம், கைரேகைப் பதிவு, காவல் நிலையத்தில் வாரந்தோறும் ஆஜராதல் ஆகிய நிபந்தனைகளோடு விடுவிக்க 2019இல் உச்ச நீதிமன்றமே வழிசெய்தது. அதே அசாமின் மாட்டியா தடுப்பு முகாமை ஒன்றிய அரசின் நிதியில் சுமார் 46 கோடி ரூபாயில் கட்டினார்கள். அங்கிருந்த 63 பேரை ஏன் இன்னும் திருப்பி அனுப்பவில்லை என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கடிந்து கேட்டது. நிதி ஒதுக்கினால் கட்டடம் எழும். தூதரகத்திலிருந்து ஆவணம் வந்துவிடாது. வரிப்பணத்தின்மீது அக்கறை உள்ளவர்கள் கேட்க வேண்டியவை இரண்டு: ஒவ்வொரு தடுப்பு உத்தரவுக்கும் காலக்கெடு வேண்டும்; சிறப்பு முகாம் செலவு ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் தனிக்கணக்காக வைக்கப்பட வேண்டும்.