ஒரே வாடல், வேறு வேறு கிருமிகள்

நேற்றுவரை செழித்து நின்ற தக்காளி, கத்தரிச் செடிகள் இலை பச்சையாக இருக்கும்போதே திடீரென வாடுவதுண்டு. தண்ணீர் விட்டாலும் அவை நிமிர்வதில்லை. இதுவே பற்றீரியா வாடல் நோய். மண்ணிலிருந்து வேர் வழியாகப் புகும் றால்ஸ்ரோனியா என்னும் பற்றீரியா, செடியின் நீர்க்குழாய்களை அடைத்துவிடுகிறது. அமெரிக்க அறிஞர் எர்வின் ஸ்மித் 1896இல் இக்கிருமியை விவரித்தார்.

எல்லாத் தோட்டங்களிலும் வாடல் ஒன்றுபோலத் தெரிந்தாலும், கிருமி ஒன்றல்ல. நுணுக்குக்காட்டியில் பார்த்தாலும் வேறுபாடு தெரியாது. ஒரே நிறத்து மாடுகள் பல கலந்து நின்றால் யாருடையது எது என்று எப்படி அறிவோம்? குறியைப் பார்த்துத்தான். கிருமிக்கும் பிறவியிலேயே ஒரு குறி உண்டு. அது அதன் டி.என்.ஏ.யில் எழுதப்பட்டிருக்கிறது. இதையே மூலக்கூற்று அடையாளம் என்கிறோம்.

ஆய்வுகூடத்தில் டி.என்.ஏ.யின் குறித்த துண்டுகளை மட்டும் பல இலட்சம் பிரதிகளாகப் பெருக்கி, அவற்றின் நீளத்தை அளப்பார்கள். றால்ஸ்ரோனியா எதுவானாலும் 280 எழுத்து நீளத் துண்டொன்று கிடைக்கும். அத்துடன் 144 எழுத்துத் துண்டு கிடைத்தால் ஆசியக் கிளை. 372 எனில் அமெரிக்கக் கிளை. 91 எனில் ஆபிரிக்கக் கிளை. 213 எனில் இந்தோனேசியக் கிளை. இந்த நாற்பிரிவு 2005இல் வெளியிடப்பட்டது. 2014இல் இவை மூன்று தனி இனங்களாகவே வகுக்கப்பட்டன.

இதனால் நமக்கென்ன பயன்? ஒரு கிருமிக்குத் தாக்குப்பிடிக்கும் பயிர் வர்க்கம் இன்னொன்றுக்குப் பலியாகலாம். அமெரிக்கக் கிளையில் ஒரு பிரிவு, குளிரான இடங்களில் விதை உருளைக்கிழங்கினுள் நோய்க்குறி காட்டாமலே ஒளிந்திருக்கும். ஆகவே இடம்பெயரும்போதும் மீளத் திரும்பும்போதும் நாம் அன்போடு எடுத்துச் செல்லும் நாற்றும் கிழங்கும், சுத்தமான காணிக்குப் புதிய கிருமியைக் கொண்டுசேர்க்கக்கூடும்.

செய்யவேண்டியவை:

1. வாடிய செடியின் அடித்தண்டில் ஒரு துண்டை வெட்டி, கண்ணாடிக் குவளை நீரில் வெட்டுமுகம் அமிழப் பிடியுங்கள். சில நிமிடங்களில் பால்போன்ற நூல் இறங்கினால் பற்றீரியா வாடலே. ஆனால் எந்தக் கிளை என்பதை இது காட்டாது.
2. நோய் கண்ட இடத்து நாற்று, கிழங்கு, மண் எதையும் வேறிடம் கொண்டுபோகாதீர்கள்.
3. நோயுற்ற பாத்தியின் நீரை மற்றப் பாத்திக்குப் பாய விடாதீர்கள். மண்வெட்டியைக் கழுவிய பின்பே அடுத்த பாத்தியில் இறங்குங்கள்.
4. அந்நிலத்தில் தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு நடுவதை நிறுத்தி, நெல்லோ சோளமோ பயிரிடுங்கள்.
5. அயலூரில் தப்பிய வர்க்கம் உங்களிடம் வாடினால், விதையைக் குறைகூறுமுன் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். கிருமி வேறாக இருக்கலாம்.

கோதுமையையும் களையையும் அறுவடைக் காலத்திலாவது பிரித்தறியலாம். இக்கிருமிகளைக் கண்ணால் ஒருபோதும் பிரித்தறிய முடியாது. ஆகவே நடுமுன் விழிப்பாயிருப்போம்.