குழாயை உடைத்தது யார்?

எட்டாம் வகுப்பில் ‘விசையும் அழுத்தமும்’ பாடம் நடத்தும்போது, பக்கவாட்டில் மூன்று துளைகளிட்ட பிளாஸ்டிக் பாட்டிலில் நீர் நிரப்பிக் காட்டுவேன். கீழ்த்துளையில் நீர் வேகமாகப் பீய்ச்சும். “ஆழம் கூடினால் அழுத்தம் கூடும்” என்று மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள். அத்தோடு பாடம் முடிந்துவிடும். சென்ற ஆண்டு முடியவில்லை.

“எங்க வீட்டுலயும் இப்படித்தான் பீய்ச்சும் டீச்சர். குழாய் அடிக்கடி உடைஞ்சிடும்” என்றான் ஒரு மாணவன். “எங்க வீட்டுல சொட்டுச் சொட்டாத்தான் வரும்” என்றாள் ஒரு மாணவி. இருவரும் ஒரே அடுக்குமாடிக் குடியிருப்பு. அவன் வீடு தரைத்தளம், அவள் வீடு ஏழாவது மாடி. இருவருக்கும் நீர் வருவது ஒரே மொட்டைமாடித் தொட்டியில் இருந்துதான்.

குழாய் உடையும் ஒவ்வொரு முறையும் அவனுக்கு வீட்டில் அடி விழும் என்பது பிறகே தெரிந்தது. பள்ளியில் குழாய் உடைந்தாலும் நான் முதலில் அவனைத்தான் பார்ப்பேன். அது எனக்கு உறுத்தியது. அளந்து பார்த்துவிடுவோம் என்று முடிவு செய்தோம்.

முதலில் கணக்கு. இருவரும் மாடிப்படிகளை எண்ணி வந்தார்கள். மொட்டைமாடி வரை 160 படிகள். ஒரு படி 15 செ.மீ. எனில் 24 மீட்டர். தொட்டியின் நீர்மட்டம் அதற்கு மேல் 2 மீட்டர். அவன் வீட்டுக் குழாய் தரையில் இருந்து 1 மீட்டர். மீதி 25 மீட்டர். நீரில் 10 மீட்டர் உயரத்துக்குச் சதுர செ.மீ.க்கு ஏறக்குறைய 1 கிலோ அழுத்தம். ஆக அவன் வீட்டில் 2.5 கிலோ. ஏழாவது மாடியில் நீர்மட்டம் குழாயைவிட 4 மீட்டரே உயரம், எனவே 0.4 கிலோ. தொட்டி பெரியதா சிறியதா என்பது இந்தக் கணக்கில் வரவே இல்லை என்பதை மாணவர்களே கவனித்தார்கள்.

அடுத்து அளவீடு. பிளம்பர் ஒருவரிடம் பிரஷர் கேஜ் இரவல் வாங்கி, சனிக்கிழமை அவன் வீட்டுக் குழாயில் பொருத்தினோம். எல்லாக் குழாய்களும் மூடியிருக்க, முள் 2.5-க்கு அருகில் நின்றது. சமையலறைக் குழாயைத் திறந்து சட்டென்று மூடினான். ‘டங்’ என்ற ஓசையோடு முள் துள்ளி இறங்கியது. ஓடும் நீரைத் திடீரென நிறுத்தினால் அதன் உந்தம் குழாயைத் தாக்குகிறது. இதைத்தான் நீர்ச் சுத்தியல் என்கிறோம். பழைய வாஷரும் பிளாஸ்டிக் கனெக்‌ஷன் டியூபும் தினமும் இந்த அடியை வாங்கினால் எத்தனை நாள் தாங்கும்?

பிறகு ஆங்கிள் வால்வைப் பாதி மூடினோம். நீர் மெதுவாக வந்தது, ஓசையும் குறைந்தது. ஆனால் குழாய்களை மூடியதும் முள் மீண்டும் 2.5-க்கே வந்தது. வால்வு குறைப்பது நீரோட்டத்தை. நிலை அழுத்தத்தை அல்ல. அதைக் குறைக்க அழுத்தக் குறைப்பு வால்வுதான் வேண்டும். இந்த வேறுபாட்டை எந்தக் கரும்பலகையிலும் நான் இவ்வளவு தெளிவாக விளக்கியதில்லை.

இச்செயல்பாட்டைச் செய்ய விரும்பும் ஆசிரியர்களுக்கு நான்கு குறிப்புகள்:

1. அளக்கும் முன் கணக்கிடச் சொல்லுங்கள்.
2. அளவும் கணக்கும் ஒத்துவந்தால் காரணம் உயரம். அளவு மிகுந்தால் பம்பு அல்லது நேரடித் தெருக்குழாய் இணைப்பு உள்ளதா எனப் பாருங்கள்.
3. ஒரு குழாயைத் திறந்ததும் முள் வெகுவாக இறங்கினால், குழாய் குறுகலாகவோ அடைத்தோ இருக்கலாம்.
4. மூடும்போது முள் துள்ளினால் நீர்ச் சுத்தியல். குழாயை மெதுவாக மூடுவதே முதல் மருந்து.

நாங்கள் கிளம்பும்போது அவன் அம்மா முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்போ இவன் உடைக்கலையா டீச்சர்?” என்றார். “சட்டுனு மூடறது மட்டும்தான் இவன் தப்பு. அதை நாம எல்லாருமே செய்யறோம்” என்றேன். திங்கட்கிழமை பள்ளிக் குழாய் ஒன்று ஒழுகியது. இந்த முறை நான் அவனைப் பார்க்கவில்லை. அவனைக் கூப்பிட்டுக் காரணம் கேட்டேன்.